லிஃப்ட் படத்தின் இரண்டாம் பாதி

ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் லாண்டரி அது. அங்கே அவளுக்குப் படப்பெட்டி என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள்.

மடிப்பு அறையின் ஒரு கோடியில் ரோலர் என்கிற இஸ்திரி மெஷின். ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். அதன் முன்னால் நிற்கிறவளுக்கு முகம் வெந்துபோகும், முழங்கை வரைக்கும் சுட்ட தழும்பு இருக்கும். இன்னொரு கோடியில், ஜன்னலை ஒட்டி, தலையணை உறை மடிக்கிற மேசை. காற்று வரும், ஸ்டூல் உண்டு, கைக்கு அடக்கமான வேலை. அந்த ஸ்டூல் படப்பெட்டியுடையது. வயதுக்கு மரியாதையாகவோ முதலாளிக்குச் சொந்தம் என்றோ கொடுத்தது அல்ல. அவள் வாய்க்குக் கொடுத்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் ரோலர் முன்னால்தான் நின்றாள். ஒரு நாள் கரண்ட் போய் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது, சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு சினிமாக் கதையை எடுத்துவிட்டாள். கரண்ட் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அறைக்கே மூத்தவளான ரோலர் அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "இங்க நின்னா உனக்கு மூச்சு வாங்கவே நேரம் பத்தாது, எங்கேருந்து கதை சொல்லுவே? நீ போய் உறைய மடி. இத நான் பாத்துக்கறேன்." அன்றிலிருந்து அந்தச் சூட்டில் ரோலர் அக்கா நிற்கிறாள். படப்பெட்டி காற்றில் உட்கார்ந்து கதை சொல்கிறாள்.

கதை எல்லாம் ஒரே நடிகரின் படம்தான். அவர் பெயரை அங்கே யாரும் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஆளு என்றால் போதும். கட்டிய புருஷனுக்குக்கூட அந்த உரிமை கிடையாது. அவரை "எங்க வீட்ல ஒண்ணு இருக்கே, அது" என்பார்கள்.

படத்துக்கும் பெயர் கிடையாது. போலீஸ் படம், தம்பி படம், மழைப் படம், இப்படித்தான். எது ஒசத்தி என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சண்டை வரும்.

"போலீஸ் படத்துல அவரு நடந்து வர்ற ஒரு நடைக்கே காசு சரியாப் போச்சு."

"நடக்கறதப் பாக்கறதுக்கு எதுக்குடி படம், பஸ் ஸ்டாண்டுல போய் நில்லு. தம்பி படத்துல அந்தச் சோத்துல கை வச்சுட்டு அழுவாரே, அதுக்கு என்ன சொல்றே?"

"எனக்கு மழைப் படம்தான்," என்பாள் புதிதாகச் சேர்ந்த பெண். "பாட்டு நல்லா இருக்கும்."

"பாட்டுக்காக ஒரு படமா. உனக்கு அவர் நடிப்பு பத்தி என்ன தெரியும், நேத்து பொறந்தவ."

இந்தச் சண்டை எங்கே சுற்றினாலும் கடைசியில் லிஃப்ட் படத்தில் வந்து நிற்கும். அதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. அதைப் பற்றி இரண்டு பேச்சு கிடையாது. வேடிக்கை என்னவென்றால் அந்த அறையில் அதைக் கண்ணால் பார்த்தவள் படப்பெட்டி ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் அவள் சொல்லிக் கேட்டவர்கள்.

கதை இதுதான். நம்ம ஆளு உயரமான ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். கயிறு தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று கட்டட ஓனரிடம் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். அந்த மகாபாவி காதிலேயே வாங்கவில்லை. ஒரு நாள் ஜனங்களோடு லிஃப்ட் நடுவில் மாட்டிக்கொள்கிறது. நம்ம ஆளு அடியில் இறங்கி பிரேக்கைப் பிடிக்கிறார். கயிறு அறுகிறது. எல்லாம் இருட்டாகிறது. அடுத்தது பார்த்தால் கோர்ட். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நம்ம ஆளே நிற்கிறார். அந்த ஓனரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டு, நார் நாராகக் கிழித்து, ஏழைகளுக்கு வரவேண்டியதை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுகிறார்.

"கயிறு அறுந்து விழுந்தவர் எப்படிக்கா வக்கீல் ஆனாரு?" என்று புதியவள் ஒரு தடவை கேட்டாள்.

"ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தப்ப படிச்சாரு. படுத்துக்கிட்டு வேற என்னதான் பண்றது?"

"அவங்கம்மா முன்னாடியே செத்துட்டாங்கன்னு சொன்னீங்க. கோர்ட்ல வந்து உக்காந்திருந்தாங்கன்னும் சொல்றீங்க."

"அது சித்தி. அக்கா தங்கச்சி, ஜாடை இருக்காதா? எல்லாத்தையும் படத்துலயே காட்டுவாங்களா, நாமதான் புரிஞ்சுக்கணும்."

புதியவள் புரிந்துகொண்டாள்.

சூப்பர்வைசர் சின்ன வயசுக்காரர். வாசலில் மூட்டை எண்ணுகிறவர் என்பதால் கதை கேட்க உள்ளே உட்கார மாட்டார். ஆனால் அவரும் நம்ம ஆளு பைத்தியம்தான், அவருக்கும் லிஃப்ட் படம்தான் உயிர். உறைக் கட்டு வாங்க வரும்போது, "என்ன சொல்லுங்க, லிஃப்ட் படம் மாதிரி வராதுக்கா," என்பார். "வரவே வராது தம்பி," என்பாள் அவள். வருஷக்கணக்காக இரண்டு பேரும் இந்த ஒரே வரியைப் பேசி ஒருத்தரை ஒருத்தர் மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

ரோலர் உருளையில் சுற்றியிருக்கும் துணி தேய்ந்தால் அதை மாற்றும் நாள் என்று ஒன்று உண்டு. மெக்கானிக் வந்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டால் மதியத்துக்கு மேல் மடிக்க ஒன்றும் இருக்காது. ஆனால் மெஷினைத் திரும்பப் பூட்டும்வரை யாரும் வீட்டுக்குப் போகவும் கூடாது. அப்படி ஒரு சனிக்கிழமை வரவிருந்தது. சூப்பர்வைசர் சொந்தக்காரர் ஒருவரிடம் புரொஜெக்டர் கேட்டு வைத்திருந்தார். எந்தப் படம் என்று கேட்டதற்கு அறை முழுக்க ஒரே குரல்தான். லிஃப்ட் படம்.

அவருக்கு வாயெல்லாம் பல். படப்பெட்டியின் மேசைக்கு வந்து குனிந்து சொன்னார்: "அக்கா, அந்தக் கடைசி சீன நெனச்சா எனக்கு இப்பவே தொண்டை அடைக்குது."

"ஏன் அடைக்கணும்? கேஸ்தான் ஜெயிச்சுடறாரே."

"எந்தக் கேஸு?"

"கோர்ட்ல ஓனரக் கிழிக்கறாரே தம்பி, அந்தக் கேஸு."

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். "அக்கா, லிஃப்ட் படத்துல கோர்ட்டே கிடையாது. கயிறு அறுந்து அவரு செத்துடுவாரு. அதோட படம் முடிஞ்சுது. நீங்க சொல்றது வேற படம். அதே வருஷம் வந்துது. அதுல மொதல்லேருந்தே வக்கீல்தான்."

அவள் கையில் இருந்த உறையை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "ஓ," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாமனார் நாற்காலி முன்னால் போய் நின்றாள். அவர் ரிட்டயர் ஆன நாளிலிருந்து ரிமோட் அவர் கையோடு ஒட்டிப் பிறந்தது மாதிரி இருக்கும்.

"மாமா, நம்ம ஆளு லிஃப்ட் ரிப்பேர் பண்ற படம் ஒண்ணு ஞாயித்துக்கெழம போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?"

"எது, கோர்ட்ல கத்துவானே, அதுவா?"

"அது வேற படமாம்."

"வேறயா?" மாமனார் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தப்பு அதன் மேல் என்பது போல. "நான் என்னம்மா பண்ணேன். வெளம்பரம் வந்தா மாத்துவேன். அங்கயும் அவன்தான் இருந்தான். மறுபடி வெளம்பரம், மறுபடி மாத்தினேன். எனக்கும் ஒரே படமாத்தான் இருந்துச்சு. நல்லா இருந்துச்சே."

சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் தலையைத் தூக்கினான். "ரெண்டு படத்த ஒண்ணா பாத்திருக்கீங்க. லாபம்தானே, அதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?"

அவள் அடுப்படிக்குள் போய் நின்று டிவியைப் பார்த்தாள். இங்கிருந்துதான் அன்றைக்கும் பார்த்தாள். நிலைப்படி டிவியில் பாதியை மறைக்கும். மீதிப் பாதியில் வேலைக்கு நடுவே தலையை நீட்டி எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவு. வீட்டில் பொங்கிக் கொட்டுகிறவள் எவளும் ஒரு படத்தை ஒழுங்காக முழுசாகப் பார்த்ததில்லை. குக்கருக்கு ஒரு சீன், குழம்புக்கு ஒரு சீன் என்று விட்டுக்கொடுத்து, விட்ட இடத்தைத் தானே நிரப்பிக்கொள்வதுதான் பழக்கம். லிஃப்ட்டும் கோர்ட்டும் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். ஆஸ்பத்திரியில் படித்ததும் சித்தியும் அவள் மனசாரச் செய்த ஒட்டு வேலை. பொய் என்று நினைத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனால் சனிக்கிழமை அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்? திரையாகக் கட்டின விரிப்பில் நம்ம ஆளு செத்து விழுவார், அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும். இனிமேல் எந்தக் கதை சொன்னாலும், இதுவும் உன் மாமனார் ரிமோட்டா என்று எவளாவது கேட்பாள். கதை போனால் ஸ்டூல் போகும். ரோலருக்குப் பயப்படுகிறவள் இல்லை அவள். ரோலர் அக்காவின் கைத் தழும்புதான் கண் முன்னால் வந்து நின்றது. அந்தக் கதைக்காக நின்று வாங்கின சூடு அல்லவா அது.

சனிக்கிழமை காலையில் லீவு சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை. வயிற்று வலி என்று சொன்னால் முடிந்தது. சொன்னால் மட்டும்? படம் அவள் இல்லாமலும் ஓடும். மறுநாள் போய், சூப்பர்வைசரைத் துணி அடுக்கி வைக்கிற அறையில் மடக்கினாள்.

"தம்பி, அந்தக் கோர்ட் படமும் உன்கிட்ட கிடைக்குமா?"

"கிடைக்கும். ஏன்?"

"ரெண்டையும் கொண்டா. கயிறு அறுபட ஆரம்பிச்சதும் லிஃப்ட்ட நிறுத்து. கோர்ட்ட போடு. எங்க போடணும்னு நான் சொல்றேன்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அக்கா, அவரு நடிச்சதுலயே நல்ல படம் அது. அத வெட்டச் சொல்றீங்க."

"வெட்டச் சொன்னேனா? நிறுத்தத்தானே சொன்னேன்."

"செத்தவர எழுப்பி நடக்க விடறீங்க."

"விட்டா என்ன? அந்த ரூம்ல எவளுக்காவது அவரு சாகணும்னு வேண்டுதலா? விடிஞ்சா சமைக்கணும், வந்து மடிக்கணும், போய் மறுபடி சமைக்கணும். என்னைக்கோ ஒரு சனிக்கெழம வாய்க்குது. அன்னைக்குப் பாத்து நம்ம ஆளக் குழில தள்ளணுமா?"

சூப்பர்வைசர் துணிக் கட்டுகளின் விளிம்பைச் சரிசெய்தபடி நின்றார். பிறகு சொன்னார்: "எங்கப்பா தவறுன வருஷம் அந்தப் படம் வந்துது. வீட்ல எங்கம்மா முன்னாடி அழ முடியல. தியேட்டர்ல போய் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் படத்துக்குதான் அழறேன்னு நெனச்சு முதுகுல தட்டிக் குடுத்தாரு. எனக்கு அந்தக் கடைசி வேணும்க்கா."

படப்பெட்டி சரிந்திருந்த ஒரு துணிக்கட்டை எடுத்து நேராக வைத்தாள்.

"சரி. முதல்ல என் கடைசி. அப்புறம் உன் கடைசி. இருக்கறவங்க இருந்து பாக்கட்டும், போறவங்க போகட்டும்."

"சரிக்கா."

சனிக்கிழமை மதியம் ஜன்னல்களில் போர்வை தொங்கியது. திரைக்கு ரோலர் அக்கா தானே விரிப்புத் தேடினாள். ஆஸ்பத்திரி விரிப்பில் முத்திரை இருக்கும், நம்ம ஆளு நெற்றியில் போய் உட்காரும் என்று ஒதுக்கிவிட்டு, ஹோட்டலின் பெரிய விரிப்பு ஒன்றை எடுத்துச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினாள். படப்பெட்டி எழுந்து நின்றாள்.

"படம் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்..."

"நீ உக்காரு," என்றாள் ரோலர் அக்கா. "இத்தன வருஷம் நீதான் சொன்னே. இன்னைக்கு ஒரு நாளு வாய மூடிக்கிட்டுப் பாப்போம்."

விளக்கை அணைத்தார்கள். படப்பெட்டி சூப்பர்வைசருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கட்டடம் வந்தது, கயிறு வந்தது, மகாபாவி ஓனர் வந்தான். வந்ததும் நாலு பேர் அவனைத் திட்டினார்கள். லிஃப்ட் மாட்டிக்கொண்டது. நம்ம ஆளு இறங்கினார். கயிறு ஒவ்வொரு இழையாகப் பிரிந்தது. அவள் சூப்பர்வைசர் கையைத் தட்டினாள். விரிப்பு வெள்ளையாயிற்று. அவர் தடவித் தடவி அடுத்ததைத் தேடிப் போட்டார். கோர்ட். கறுப்புக் கோட்டில் நம்ம ஆளு.

அறையில் கைதட்டல். ரோலரைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

புதியவள் மெதுவாகக் கேட்டாள்: "அந்த ஓனரு ஆளே மாறிட்டானே?"

"பாவம் பண்ணவனுக்குச் சீக்கிரம் நரைக்கும்," என்றாள் ஒருத்தி.

"மூக்கே வேற மாதிரி இருக்கு."

"உனக்குப் படம் பாக்கணுமா, மூக்கு பாக்கணுமா?"

"அந்தம்மா..."

"சித்தி," என்றார்கள் மூன்று பேர் ஒன்றாக.

இருட்டில் படப்பெட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. அவள் போட்ட ஒட்டுக்கு அவர்கள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

கேஸ் ஜெயித்தது. விளக்குப் போட்டதும் புதியவள் அடக்க முடியாமல் கேட்டேவிட்டாள்: "அக்கா, இது ரெண்டு படம்தானே? ஒட்டி வச்சுக்கிட்டு ஒண்ணுன்னு சொன்னீங்களா?"

படப்பெட்டி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மெக்கானிக் மெஷினை ஓட்டிக் காட்டினார், வேலை முடிந்தது, போகிறவர்கள் போகலாம் என்று சூப்பர்வைசர் அறிவித்தார். பை எடுக்கிற அவசரத்தில் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. பெரும்பாலானவர்கள் கிளம்பினார்கள். சூப்பர்வைசர் லிஃப்ட் படத்தின் மிச்சத்தைப் போட்டார். ரோலர் அக்கா இருந்தாள். படப்பெட்டியும் இருந்தாள், அவளும் அதைப் பார்த்ததில்லை அல்லவா.

ஜனங்கள் ஒவ்வொருவராக வெளியே ஏறும்வரை நம்ம ஆளு பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி ஆள் ஏறியதும் மேலே பார்த்து, "கதவச் சாத்துங்க, யாராவது விழுந்துடப் போறாங்க," என்றார். கயிறு அறுந்தது. கதவை யாரோ சாத்தினார்கள். அவ்வளவுதான் படம்.

படப்பெட்டி பக்கத்தில் கிடந்ததை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"வெளுத்த உறைடி அது," என்றாள் ரோலர் அக்கா, தன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே. "அதுலயா சிந்துவே?"

சூப்பர்வைசர் பெருமையாக ஒயரைச் சுருட்டினார். "சொன்னேன்ல அக்கா."

"சொன்னே. நல்லாத்தான் இருக்கு," என்றாள் படப்பெட்டி. "ஆனா வாரத்துக்கு ஒரு தடவ கேக்க முடியாது தம்பி."

திங்கட்கிழமை அவள் சீக்கிரமே வந்து ரோலர் முன்னால் போய் நின்றுகொண்டாள். யாரும் சொல்வதற்கு முன்னால் தானே போய்விடுவது நல்லது. முதல் விரிப்பை உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தபோது ரோலர் அக்கா வந்தாள்.

"இங்க என்னடி பண்றே?"

"மாறிக்கலாம்னு. அது ரெண்டு படம்க்கா. நான் நெஜமாவே ஒண்ணுன்னுதான்..."

"எங்களுக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? கோர்ட் வந்ததுமே தெரிஞ்சுது. மூக்கே வேறன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே." ரோலர் அக்கா அவளை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு விரிப்பின் நுனியைப் பிடித்தாள். "நகரு. விரிப்பக் கோணலா விட்டிருக்கே பாரு. இந்த லட்சணத்துல மாறிக்கறாளாம்."

படப்பெட்டி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"போய் உக்காருன்னேன். நேத்து முழுக்க எனக்கு ஒரே யோசன. டாக்டரா நடிச்சாரே ஒரு படம், அதுல அந்தப் பொண்ண விட்டுட்டுக் கப்பலேறிப் போயிடறாரு. அதோட முடிச்சுட்டாங்க. எனக்கு அன்னைலேருந்து மனசே ஆறல. அத என்ன பண்ணலாம்?"

படப்பெட்டி ஜன்னல் பக்கம் நடந்தாள். ஸ்டூல் மேல் உறை மூட்டையை யாரோ அவிழ்த்து வைத்திருந்தார்கள். அதை மேசைக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"கப்பல் கேப்டனா ஒரு படம் நடிச்சிருக்காருல்ல," என்றாள் யோசித்துக்கொண்டே.

"அதுல தாடி வச்சிருப்பாரே," என்றாள் புதியவள். "டாக்டருக்குத் தாடி இல்லையே."

"பொண்ண விட்டுட்டுக் கப்பலேறுனவன் ஷேவ் பண்ணிக்கிட்டா இருப்பான்?" படப்பெட்டி முதல் உறையை உதறினாள். "மொதல்ல அந்தக் கப்பல் எங்க நிக்குதுன்னு சொல்றேன், கேளுங்க."